"அண்ணாக்கு வீடியோ கோல் எடுங்கோ": சகோதரம் செத்தபிறகு சின்னப்பிள்ளையளுக்கு என்ன சொல்லுறது?

முன்பள்ளி ரீச்சர் | திங்கள் மாலை 6.10

எங்கட முன்பள்ளிக்கு வாற 4 வயதுப் பிள்ளையின்ர அண்ணா (11 வயது) போன வியாழன் டெங்குவில இறந்திட்டார். சனிக்கிழமை செத்தவீடு. இடையில 8 வயதில ஒரு அக்கா. பிரேதம் வீட்டில கிடந்த நேரம் முழுக்கச் சின்னவரை நாலு வீடு தள்ளி விட்டிருக்கினம். "அண்ணா கனடாவுக்குப் போட்டார்" எண்டு அம்மம்மா சொல்லிட்டா. அவர் இப்ப தாயின்ர போனைத் தூக்கிக்கொண்டு "அண்ணாக்கு வீடியோ கோல் எடுங்கோ" எண்டு நிக்கிறார். வாற வியாழன் எட்டு (எட்டாம் நாள் கிரியை). பொதுவான ஆறுதல் வார்த்தை வேண்டாம். என்ன வசனம், எப்ப, ஆர் சொல்லுறது எண்டு தெரிஞ்சாக்கள் எழுதுங்கோ.

உளவளத்துணை நல்லூர் | திங்கள் இரவு 7.25

ரீச்சர், முதல் வேலை கனடாவைத் திருப்பி எடுக்கிறது. அரைவாசிச் சொந்தம் வெளிநாட்டில இருக்கிற ஊரில வாயில முதல் வாறது அதுதான். ஆனா எங்கட பிள்ளையளுக்குக் கனடா எண்டா போனில முகம் தெரியிற இடம், பெட்டியில சொக்லேட் வாற இடம், லீவுக்கு ஆக்கள் திரும்பி வாற இடம். அண்ணா அங்க இருந்தும் கதைக்கேல்லை எண்டா அவருக்கு என்னில கோவம் எண்டுதான் பிள்ளை நினைக்கும்.

அந்த வயதுக்கு இது இன்னும் ஆபத்து. 1948இல வெளிவந்த மரியா நாகி எண்ட ஹங்கேரிய ஆய்வாளரின்ர வேலை இண்டைக்கும் பேசப்படுது. 3 தொடக்கம் 10 வயது வரையான 378 பிள்ளையளிட்டச் சாவைப் பற்றிக் கேட்டுப் பாத்தவ. அஞ்சு வயதுக்குக் கீழ உள்ளவை சாவை ஒரு பயணமாகவோ நித்திரையாகவோதான் எடுக்கினம், போனவர் வருவார் எண்டு நம்புகினம். தானாகவே இருக்கிற அந்தக் குழப்பத்துக்கு மேல நாங்களும் ஒரு விமான ரிக்கெட் குடுக்கக்கூடாது.

ஆர்: தாய் அல்லது தகப்பன். முழுக்கச் சொல்ல ஏலாட்டி முதல் வசனத்தை மட்டும் அவை சொல்லட்டும், மிச்சத்தைச் சித்தியோ மாமியோ சொல்லலாம். நீங்கள் பக்கத்தில இருங்கோ, ஆனா செய்தி உங்கட வாயால வர வேண்டாம். முன்பள்ளி அவருக்கு வழமையான இடமாகவே இருக்கட்டும்.

எப்ப: நாளைக்குக் காலமை, சாப்பிட்டு முடிய. படுக்கப் போற நேரம் சொல்லக்கூடாது, இரவு முழுக்க அதோட கிடக்கும். எட்டு அண்டு ஆக்கள் நிறைஞ்ச வீட்டிலையும் கூடாது.

எங்க: அவருக்குப் பழக்கமான மூலை. ரீவி நிப்பாட்டி, போனை வேற அறையில வைச்சிட்டு, அவர்ட உயரத்துக்குக் கீழ இருந்து.

வசனம்: "உம்மட்ட ஒரு கவலையான விசயம் சொல்லப் போறன். அம்மம்மாக்குச் சொல்ல வாய் வரேல்லை, அதால கனடா எண்டு சொல்லிட்டா. அண்ணா கனடாவில இல்லை. அண்ணா செத்துப்போனார். அவருக்கு மிக மிகக் கடுமையான ஒரு வருத்தம் வந்தது, டொக்டர்மார் எல்லாம் செய்து பாத்தவை, உடம்பு வேலை செய்யிறதை நிப்பாட்டிட்டுது. செத்தவை திரும்பி வரமாட்டினம்."

அவ்வளவுதான், பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கோ. பெரியாக்கள் இந்த இடத்தில அந்தரப்பட்டுக் கதைச்சுக்கொண்டே போறதுதான் வழமையாப் பிழைக்கிற இடம். அம்மம்மாவும் அந்த நேரம் பக்கத்தில இருக்கவேணும். அவவில பழி விழக்கூடாது, பிள்ளைக்கு அவவும் வேணும்.

அவர் "சரி, பிஸ்கட் தாங்கோ" எண்டு எழும்பி முற்றத்துக்கு ஓடினால் விளங்கேல்லை எண்டு நினைக்காதேங்கோ. இந்த வயதில துக்கம் மாரி மழை மாதிரி. கொட்டும், விடும், வெயில் எறிக்கும், திரும்பக் கொட்டும். பின்னேரம் "அண்ணா எப்ப வருவார்?" எண்டு கேப்பார். அதே வசனத்தை அதே சொல்லில திரும்பச் சொல்லுங்கோ. அம்மா ஒண்டு, மாமி ஒண்டு, பெரியம்மா ஒண்டு எண்டு வேற வேற சொன்னால் ஆர் சொன்னது உண்மை எண்டு பாக்கத்தான் அவர் கேட்டுக்கொண்டு திரிவார். வசனத்தை ஒரு கடதாசியில எழுதிக் குசினிச் சுவரில ஒட்டி விடுங்கோ, வந்து போற சொந்தமும் வாசிக்கட்டும்.

பனங்கூடல் | திங்கள் இரவு 8.02

"செத்துப்போனார்" எண்டு நாலு வயதுப் பிள்ளையின்ர முகத்தைப் பாத்துச் சொல்லுறதோ? நாய் பூனைக்குச் சொல்லுற சொல். எங்கட பெரியாக்கள் "சாமியிட்டப் போட்டார்" எண்டு சொல்லித்தானே எல்லாரையும் வளத்தவை. பண்பாகச் சொல்ல எங்கட மொழியில எத்தினை சொல் இருக்கு.

உளவளத்துணை நல்லூர் | திங்கள் இரவு 8.40

பனங்கூடல் அண்ணை, அந்தப் பண்பான சொல்லுகள் எல்லாம் பெரியாக்களுக்கு எண்டு செய்தவை. பிள்ளையின்ர காதால ஒருக்காக் கேட்டுப் பாப்பம்.

"தவறிட்டார்": பிள்ளைக்குத் தவறு எண்டா பிழை. கொப்பியில சிவப்புப் பேனையால வாறது. அண்ணா என்ன பிழை செய்தவர்? "மோசம் போட்டார்": இதுவும் அப்பிடித்தான். "காலமாகிட்டார்": ஒண்டுமே விளங்காது. "நித்திரையாகிட்டார்": அண்டு இரவே படுக்கமாட்டார், தாய் கண் மூடினால் இமையைப் பிடிச்சுத் திறந்து பாப்பார். "நல்ல பிள்ளை எண்டு சாமி எடுத்திட்டார்": இனி நல்ல பிள்ளையா இருக்கிறது ஆபத்து, கோயிலுக்கு வரவும் மாட்டார்.

நாய் பூனைக்குச் சொல்லுற சொல் எண்டீங்கள். அதாலதான் அந்தச் சொல்லே உதவுது. முத்தத்தில செத்துக் கிடந்த ஓணானையும் எறும்பு இழுத்த வண்ணத்துப்பூச்சியையும் அவர் பாத்திருக்கிறார், அது திரும்ப எழும்பேல்லை எண்டும் தெரியும். பிள்ளையிட்ட ஏற்கெனவே இருக்கிற ஒரே ஒரு உண்மையான சொல் அது.

கிரியைமுறை | திங்கள் இரவு 9.15

சைவ வீடுகளில் "சாமியிட்டப் போனார்" என்பதை முற்றாக விலக்க முடியாது. அம்மம்மா சொல்லத்தான் போகிறா. வரிசையை மாற்றினால் போதும். முதலில் உடம்பு, பிறகு உயிர். "அண்ணான்ர உடம்பு செத்துப்போச்சு. அது மூச்சு விடாது, பசிக்காது, குளிராது, நோகாது. அண்ணான்ர உயிர் சாமியிட்டப் போயிருக்கெண்டு நாங்கள் நம்புறம்." உடம்பு வேறு உயிர் வேறு என்பது சைவத்தின் அடிப்படை, கிறிஸ்தவ வீடுகளுக்கும் இது பொருந்தும். உடம்பைப் பற்றிச் சொல்லாமல் சாமியை மட்டும் சொன்னால், கோயிலுக்குப் போய் அண்ணாவைத் தேடுவார். 31 நாள் துடக்கில் (சாவுத் தீட்டில்) கோயிலுக்கும் கூட்டிப்போகாததால், அண்ணாவை அங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றுகூட நினைப்பார்.

எட்டுக்கும் ஒரு பதில் ஆயத்தமாக இருக்கவேண்டும். செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைப்பது எட்டின் முக்கிய பகுதி. "செத்தவைக்குப் பசிக்காது" என்று செவ்வாய் சொல்லிவிட்டு, வியாழன் வாழையிலையில் சோறும் மிக்சரும் சோடாவும் வைத்தால் நாலு வயதுப் பிள்ளைகூடக் கேட்கும். சொல்லவேண்டியது: "அண்ணா வந்து வாயால சாப்பிடமாட்டார். அவருக்கு என்ன விருப்பம் எண்டு நாங்கள் மறக்கேல்லை எண்டு காட்ட வைக்கிறம்." சில ஊர்களில் படையலை இரவில் சந்தியில் கொண்டுபோய் வைப்பார்கள், அதைப் பிள்ளைகள் ஒளிந்திருந்து பார்க்கும் நிலை வேண்டாம். ஒன்றில் முன்னமே சொல்லிக் காட்டுங்கள், இல்லாவிட்டால் நித்திரையான பிறகு செய்யுங்கள்.

முன்பள்ளி ரீச்சர் | செவ்வாய் பிற்பகல் 1.30

காலமை தகப்பன் முதல் வசனம் சொன்னார், மிச்சம் சித்தி. சின்னவர் கொஞ்ச நேரம் பாத்திட்டு "அப்ப அண்ணான்ர சைக்கிள் ஆருக்கு?" எண்டு கேட்டார். சித்தி ஆடிப்போனா. பிறகு ரெண்டு சிரட்டையைக் கவிழ்த்து மண் போட்டு மூடி, பால்மா ரின்னில பறை அடிச்சு விளையாடினவராம். அம்மம்மா ரின்னைப் பறிச்சுப் போட்டா.

எனக்குப் பெரிய யோசினை 8 வயதுக்காரி. அழேல்லை. தாயின்ர வேலை எல்லாம் தான் செய்யிறா. காய்ச்சல் வர ரெண்டு நாளைக்கு முன்னம் அண்ணாவோட சண்டையில "செத்துத் துலை" எண்டு சொன்னதாச் சித்தியிட்ட மட்டும் சொல்லியிருக்கிறா.

உளவளத்துணை நல்லூர் | செவ்வாய் பிற்பகல் 3.05

ரின்னைத் திருப்பிக் குடுங்கோ. செத்தவீட்டு விளையாட்டு அவர் அந்த வீட்டில நடந்ததை விளங்கிக்கொள்ளுற வழி. பெரியாக்கள் பக்கத்தில இருந்து பாக்கலாம், அவர் கூப்பிட்டால் சேரலாம், திருத்தக்கூடாது. நாலு வீடு தள்ளி விட்டாலும் பறைச் சத்தம் கேட்டிருக்கு பாருங்கோ. விளையாட்டு நாளுக்கு நாள் கொஞ்சமாவது மாறவேணும். ஒரே காட்சியை ஒரு மாற்றமும் இல்லாமல், முகத்தில சந்தோசமும் இல்லாமல் கிழமைக் கணக்கில செய்தால் டொக்டரிட்டயோ உளவளத்துணை ஆக்களிட்டயோ காட்டவேணும். சைக்கிள் கேள்வியிலயும் பேராசை இல்லை. "நான் இனி எந்த இடத்தில நிக்கிறன்?" எண்டதைத்தான் அவர் அப்பிடிக் கேக்கிறார்.

அக்காவுக்கு வருவம். "செத்துத் துலை" எங்கட வீடுகளில ஒரு நாளைக்குப் பத்துத்தரம் பறக்கிற சொல். நினைச்சால், சொன்னால் நடக்கும் எண்ட நம்பிக்கை எட்டு வயதிலயும் முழுக்க விடாது. "அப்பிடியெல்லாம் யோசிக்காதை" எண்டு சொன்னால் அவ சொல்லாமல் விடுவா, யோசிக்காமல் விடமாட்டா. நேர சொல்லுங்கோ:

"நீ அண்ணாவைச் செத்துத் துலை எண்டு பேசினது எனக்குத் தெரியும். கோவத்தில எல்லாரும் சொல்லுறது. சொல்லால ஒருத்தரும் சாகமாட்டினம். அண்ணாக்கு வருத்தம் வந்தது ஒரு கிருமியால. நீ சொன்னதாலயும் இல்லை, செய்ததாலயும் இல்லை, செய்யாமல் விட்டதாலயும் இல்லை."

கடைசி மூண்டு துண்டும் மூண்டாவே வேணும். கிணத்தில, றோட்டில நடந்த சாவெண்டால் "செய்யாமல் விட்டது" எண்டதுதான் கனம். மூத்த பிள்ளையிட்டத் "தம்பியைப் பாத்துக்கொள்" எண்டு சொல்லிப்போட்டுப் போற பழக்கம் எங்களிட்ட இருக்கு. அப்பிடி நடந்த வீட்டில "பாக்கிறது பெரியாக்கள் வேலை, உன்ர வேலை இல்லை" எண்டு தகப்பன் வாயால கேக்கவேணும். ஒருக்காக் கேட்டால் காணாது.

பிள்ளை கேக்காட்டியும் பதில் சொல்லவேண்டிய கேள்வி நாலு இருக்கு. என்னாலயா? எனக்கும் வருமா? அம்மா அப்பாவும் சாவினமா? அப்ப என்னை ஆர் பாக்கிறது? மூண்டாவதுக்கு "நாங்கள் சாகமாட்டம்" எண்டு சத்தியம் பண்ணாதேங்கோ. "கனபேர் கிழவன் கிழவியான பிறகுதான் சாகிறவை. நாங்களும் கனகாலம் இருப்பம் எண்டு நினைக்கிறம். ஏதும் நடந்தாலும் சித்தி உன்னைப் பாப்பா" எண்டு ஆளைக் குறிச்சுச் சொல்லுங்கோ.

அழாமல் வேலை செய்யிற பிள்ளையை "பொறுப்பான பிள்ளை" எண்டு சொந்தம் மெச்சும். அந்த மெச்சலை நிப்பாட்டுங்கோ. "இனி நீதான் மூத்தது", "அண்ணான்ர இடத்தில நீதான் அம்மாவைப் பாக்கவேணும்" எண்டுற வசனங்களை வாசலிலயே மறியுங்கோ. 1964இலயே கெய்ன் எண்ட ஆய்வாளர் தம்பதியர் செத்த பிள்ளையின்ர இடத்தை இன்னொரு பிள்ளையால நிரப்பப் பாக்கிற குடும்பங்களைப் பற்றி எழுதிப்போட்டினம். எங்களிட்ட அந்தப் பழக்கம் இப்பவும் செத்தவீட்டுக் கதிரையிலயே தொடங்குது. தேத்தண்ணி குடுக்கிற வேலையை அவவிட்ட வாங்கி வேற ஆளிட்டக் குடுங்கோ.

சிறுவர் வைத்தியம் | செவ்வாய் இரவு 8.30

டெங்கு என்றபடியால் இரண்டு விடயம் சேர்க்கிறேன். "நுளம்பு கடிச்சுச் செத்தார்" என்று மட்டும் சொன்னால், மாரியில் ஒவ்வொரு கடியும் மரணதண்டனை போல இருக்கும். "டெங்குக் கிருமி உள்ள நுளம்பு கடிச்சால்தான் வரும். வந்த கனபேர் சுகமாகி வீட்டுக்கு வந்திடுவினம். அண்ணாக்கு வந்தது மிகக் கடுமையானது" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். டெங்கு பரப்பும் நுளம்பு பெரும்பாலும் பகலில் கடிக்கும். பூச்சாடித் தட்டு, சிரட்டை, பழைய ரயர், பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைக் கிழமைக்கு ஒருதரம் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவும் வேலையில் 8 வயதுப் பிள்ளையைத் தகப்பனோடு சேர்க்கலாம். பயத்துக்குக் கை வேலை நல்லது. ஆனால் அது அவவின் தனிப் பொறுப்பாகக் கூடாது.

அடுத்தது, அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும் நாள். அது கட்டாயம் வரும். அன்று வீடு முழுக்கப் பதறும், பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். இப்போதே திட்டத்தைச் சொல்லி வையுங்கள்: காய்ச்சல் வந்தால் முதல் நாளே டொக்டரிடம் போவோம், அவர் சொன்னால் இரத்தம் பார்ப்போம், அம்மா பக்கத்தில் இருப்பா. பரசிற்றமோல் நிறைக்கேற்ற அளவில் மட்டும். இபுபுறூபனும் அஸ்பிரினும் கூடாது. ஆசுப்பத்திரிக்குப் போன அண்ணா திரும்பவில்லை என்பதால் கிளினிக் வாசலில் அடம்பிடிப்பார்கள். அதனால் வருத்தமில்லாத ஒரு நாளில், தடுப்பூசிக்கோ பற்களைக் காட்டவோ ஒருமுறை கூட்டிப் போய் வருவது உதவும்.

அண்ணாவுக்கு வந்த அதே வயிற்றுநோ தங்கைக்கும் வரலாம். பொய் என்று தள்ளாமல் ஒருமுறை முழுமையாகப் பரிசோதியுங்கள். பிறகு கிழமைக்கொரு இரத்தப் பரிசோதனை வேண்டாம், அது பயத்தை உறுதிப்படுத்தும். செத்தவீட்டு நேரம் பிள்ளையைப் படுக்கவைக்க நித்திரை வரும் சளி மருந்து கொடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. செய்யாதீர்கள். மூச்சுக்கு ஆபத்து ஒருபுறம். கண் விழிக்கும்போது அண்ணாவும் இல்லை, பெட்டியும் இல்லை என்பது மறுபுறம்.

தீவகத்துக் காற்று | செவ்வாய் இரவு 9.10

இது முடிஞ்ச செத்தவீடு. இனி நடக்கப்போற வீடுகளுக்குக் கேக்கிறன், பிரேதத்தைப் பிள்ளையளுக்குக் காட்டலாமோ?

கிரியைமுறை | செவ்வாய் இரவு 9.50

காட்டலாம், ஆயத்தம் செய்து. முதலில் ஒரு பெரியவர் போய்ப் பார்க்கவேண்டும். பிரேத பரிசோதனை நடந்திருந்தால் தையலைச் சால்வையோ தொப்பியோ போட்டு மறையுங்கள். பிறகு பிள்ளையிடம் வெளியில் வைத்துச் சொல்லுங்கள்: "அண்ணா பெட்டியில படுத்திருக்கிற மாதிரி இருப்பார், ஆனா அது நித்திரை இல்லை. கண் மூடியிருக்கும். மூக்கில பஞ்சு இருக்கும். தொட்டால் குளிரும், கை விறைப்பா இருக்கும். அம்மாவும் மற்றாக்களும் சத்தம் போட்டு அழுவினம். தொட விருப்பமெண்டால் தொடலாம், விருப்பமில்லாட்டி வேண்டாம்." வேண்டாம் என்று சொன்னால் அதோடு சரி. இழுத்துக்கொண்டுபோய்க் கொஞ்ச வைக்கும் பெரியம்மாக்களைத் தடுக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் முழு ஏற்பாட்டிலும் முக்கியம். ஒரு பிள்ளைக்கு ஒருவர், செத்தவீட்டில் வேறு வேலை இல்லாதவர், தானே உடைந்துபோகாதவர். பிள்ளை "போவம்" என்றால் உடனே வெளியே கூட்டிப்போகவேண்டும். சாப்பாடு, தண்ணி, சலம் மூன்றும் அவர் பொறுப்பு. ஒப்பாரி சொல்பவர்கள் பிள்ளையைக் கட்டிப்பிடித்து "உன்ர அண்ணா எங்கையடா" என்று கேட்பது பழக்கதோசம். பிள்ளைக்கு அது உண்மையான கேள்வி.

பெரியவர்கள் செத்தால் பேரப்பிள்ளைகளுக்குப் பந்தம் பிடிக்கும் கடமை உண்டு. பிள்ளை செத்த வீட்டில் சகோதரங்களுக்கென்று ஒன்றும் இல்லை, ஓரமாக நிற்கவேண்டியதுதான். ஆகவே நாங்கள் ஒன்று உண்டாக்கவேண்டும். பூப் போடுவது, ஒரு படம் கீறிப் பெட்டிக்குள் வைப்பது. வைக்க முன் படத்தைப் போனில் எடுத்து வையுங்கள். தகனம் என்றால் மின்கலம் உள்ள விளையாட்டுச் சாமான் வைக்கக்கூடாது, வெடிக்கும். அண்ணாவின் விருப்பமான பொம்மையை உணர்ச்சிவசப்பட்டுப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்துச் சின்னது அதைத்தான் தேடும்.

மயானத்துக்குப் பெண்களும் சின்னப்பிள்ளைகளும் போகாத வழக்கத்தால் படலையோடு கதை நின்றுவிடும். மிச்சத்தைச் சொல்லாவிட்டால் பாடசாலை வானில் வேறு பிள்ளை சொல்லும், "உன்ர அண்ணாவை எரிச்சவை" என்று. அக்கா வயதுக்கு நேரடியாகச் சொல்லுங்கள்: உடம்புக்கு இனி நோகாது, சுடாது, எரித்த பிறகு சாம்பல் வரும், அதைக் கீரிமலைக் கடலில் கரைப்போம். சின்னவருக்குக் கேட்டால் மட்டும், ஒரு வசனம். நோகாது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் எரிப்பது என்ற சொல் வரவேண்டும். புதைப்பதானால் "மூச்சு முட்டாதோ?" என்று கேட்பார்கள், அதற்கும் அதே பதில்தான்.

தரம் மூன்று சேர் | புதன் காலை 5.50

பாடசாலைப் பக்கம். அந்தியேட்டி (31ஆம் நாள் கிரியை) வரைக்கும் பிள்ளையை மறிக்கவேண்டாம். துடக்கு கோயிலுக்குத்தான், பள்ளிக்கூடத்துக்கு இல்லை. எட்டு முடிஞ்சு வாற திங்கள் அக்கா வரலாம், முதல் மூண்டு நாள் இடைவேளை வரைக்கும் போதும்.

அவ வர முதல் வகுப்பாசிரியர் பிள்ளையளிட்டச் சொல்லவேணும்: என்ன நடந்தது, அவவிட்ட என்ன கேக்கக்கூடாது, என்ன செய்யலாம். சொல்லாமல் விட்டால் முதல் இடைவேளையில அவவைச் சுத்தி முப்பது பேர் நிப்பினம். அண்ணாவும் அதே பாடசாலை எண்டால் இடாப்பு ஒரு கண்ணி. அவர்ட வகுப்பில பேரைக் கூப்பிட்டுப்போட்டு ஆசிரியர் திகைக்கிற சத்தம் மற்ற வகுப்புக்கும் கேக்கும். அண்டே அதிபரோட கதைச்சுச் சரிசெய்யுங்கோ. அண்ணான்ர பையையும் கொப்பியளையும் "வீட்டை கொண்டுபோய்க் குடு" எண்டு தங்கச்சியிட்டக் குடுத்து விடாதேங்கோ. ஆசிரியர் ஒருவர் நேரில கொண்டுபோகவேணும்.

அவவின்ர மேசையில ஒரு மஞ்சள் மட்டை இருக்கட்டும். அதைக் கவிழ்த்து வைச்சால் கேள்வி கேக்காமல் பத்து நிமிசம் வெளியில விடுறது, கூட ஒரு சிநேகிதியோட. "எனது குடும்பம்" கட்டுரை வரத்தான் செய்யும். "உமக்கு எத்தினை சகோதரங்கள்?" எண்டு புது ரியூசன் ரீச்சர் கேப்பா. ரெண்டு பதில் வீட்டில சொல்லிப் பழக்கி விடுங்கோ: "நாங்கள் மூண்டு பேர், அண்ணா செத்திட்டார்" அல்லது "எனக்கு ஒரு தம்பி இருக்கிறார்". எதைச் சொன்னாலும் பொய் இல்லை, ஆருக்கு எதைச் சொல்லுறது எண்டது அவவின்ர விருப்பம் எண்டு சொல்லுங்கோ.

சந்தியில கட்டின கண்ணீர் அஞ்சலி பனர் இன்னொண்டு. பாடசாலை வான் ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் போகும். முதல் நாள் தகப்பனோட நடந்துபோய் நிண்டு பாக்கட்டும். காத்தில கிழிஞ்சு முகம் தொங்க முதல் கழட்டிச் சுருட்டி வீட்டில வையுங்கோ.

குடும்பநல மாது வலிகாமம் | புதன் பிற்பகல் 2.20

இரவுக்குச் சில குறிப்பு. அண்ணாவோட ஒரே கட்டிலில படுத்த பிள்ளையை உடனே தனியப் போடாதேங்கோ. பெற்றாரின்ர அறையில பாய் போடலாம், சின்ன லைற் எரியட்டும். அண்ணான்ர தலகணியைக் கேட்டால் குடுங்கோ. நாலு வயதுக்காரர் திரும்பப் படுக்கையில சலம் விடலாம், விரல் சூப்பலாம், குழந்தைக் கதை கதைக்கலாம். றெக்சின் விரிப்பு ஒண்டும் மாத்து உடுப்பும் பக்கத்தில வைச்சு, பேசாமல் மாத்தி விடுங்கோ. வழமையாக் கிழமைக்கணக்கில குறைஞ்சிடும்.

தாய்க்கு ஒரு நாளைக்கு 20 நிமிசம். அதுக்கு மேல இப்ப கேக்கக்கூடாது. அந்த 20 நிமிசம் கட்டிலில படுத்தபடியே பிள்ளை மேல ஏறி இருந்து கதைக்கிறதாகக்கூட இருக்கலாம், ஆனா ஒவ்வொரு நாளும் ஒரே நேரம். தாய் அழுதால் எழும்பி அறைக்குள்ள ஓட வேண்டாம். "அண்ணாவை நினைச்சு அழுறன். நீ ஒண்டும் செய்யேல்லை. அழுது முடியச் சோறு தீத்துவன்." அழுகை முடியும் எண்டதையும் பிள்ளை பாக்கட்டும்.

பிறந்த உடன போன குழந்தையள், வயித்தில போன குழந்தையளும் இந்தக் கணக்கில வரும், வீடுகளில அதைக் கதைக்கிறேல்லை. தம்பி வாறார் எண்டு ஆறு மாசமாச் சொல்லிப்போட்டு வெறுங்கையோட வந்தால் மூத்தது என்ன நினைக்கும்? "எனக்குத் தம்பி வேண்டாம்" எண்டு ஒருநாள் சொல்லியிருக்கும். மேல அக்காவுக்குச் சொன்ன அதே வசனம் இங்கையும் வேணும். குழந்தைக்குப் பேர் வைச்சிருந்தால் அந்தப் பேரைச் சொல்லுங்கோ.

முன்பள்ளி ரீச்சர் | வியாழன் இரவு 10.05

எட்டு முடிஞ்சுது. இலையில என்ன வைக்கிறது எண்டு ரெண்டு பேரையும் கேட்டவை. அக்கா நூடில்ஸ் எண்டா. சின்னவர் அண்ணாக்குப் பாவக்காய் பிடிக்காது, அதை வைக்காதேங்கோ எண்டார். அக்கா அப்பதான் அழுதவ. சாமான்களை என்ன செய்யிறது எண்டு தகப்பன் கேக்கிறார், பெரியப்பா எல்லாத்தையும் ஏலாத பிள்ளையளுக்குக் குடுக்கச் சொல்லுறாராம்.

உளவளத்துணை நல்லூர் | வியாழன் இரவு 10.40

அந்தியேட்டி வரைக்கும் ஒண்டும் வீட்டை விட்டுப் போக வேண்டாம். பிறகு மூண்டு குவியல்: வைக்கிறது, குடுக்கிறது, இப்ப முடிவெடுக்காதது. மூண்டாவதுதான் பெரிசா இருக்கும், இருக்கட்டும். பிள்ளையள் ஆளுக்கு ஒண்டு முதல் எடுக்கட்டும்.

ஒரு பிஸ்கட் ரின் அல்லது சப்பாத்துப் பெட்டி எடுத்து ஞாபகப் பெட்டி செய்யலாம். தோய்க்காத சேட்டு ஒண்டைக் காத்துப் போகாத பையில போட்டு வையுங்கோ. மணம் முதல் போறது, அதைத் திருப்பி எடுக்க ஏலாது. ஆராவது உதவி செய்யிறன் எண்டு எல்லாத்தையும் தோய்க்க முதல் இதைச் செய்யுங்கோ. மாரியில பூஞ்சணம் பிடிக்கும், சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற அந்தச் சின்ன ஈரம் உறிஞ்சிற பைக்கற்றை ரின்னுக்குள்ள போடுங்கோ. பிள்ளை வாயில வைக்காத மாதிரிப் பாத்து, பெட்டியை எட்டாத தட்டில வைச்சு, கேக்கேக்க எடுத்துக் குடுங்கோ. வட்சப் குரல்பதிவுகள் போன் மாறேக்க போயிடும், இண்டைக்கே வேற இடத்தில பிரதி எடுக்கச் சொல்லுங்கோ. படங்களைப் பிரிண்ட் எடுங்கோ, சின்னப்பிள்ளைக்குக் கையில பிடிக்க ஒண்டு வேணும்.

செத்தவீட்டு நேரலை வீடியோவைத் தாயின்ர போனில இருந்து எடுத்து விடுங்கோ. வெளிநாட்டுச் சொந்தத்துக்கு எண்டு எடுத்தது, சின்னவர் தானாத் தட்டிப் பாக்கிற சாமான் இல்லை.

பனங்கூடல் | வெள்ளி காலை 6.30

முதல் எழுதினதை ஓரளவுக்குத் திருப்பி எடுக்கிறன். சாமியை முழுக்க விடச் சொல்லேல்லைத்தானே. ஒரு கேள்வி: தீவாளி, பொங்கல், பிறந்தநாள்? வருசம் முழுக்க ஒண்டும் இல்லை எண்டுதானே முறை.

கிரியைமுறை | வெள்ளி காலை 7.15

ஆண்டுத்திவசம் வரை பெரியவர்கள் கொண்டாடாமல் இருப்பது முறை. பிள்ளையின் பிறந்தநாளை அதற்குள் அடக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. வெளி ஆட்களும் பாட்டும் இல்லாமல் ஒரு சின்ன கேக். இல்லாவிட்டால் "அண்ணா செத்ததால் எனக்கு ஒன்றுமில்லை" என்று அண்ணாவில் கோபம் வரும். பொங்கல் இல்லை என்பதை அன்று காலையில் சொல்லாதீர்கள், ஒரு கிழமை முன்னம் சொல்லுங்கள். கத்தோலிக்க வீடுகளில் நவம்பர் 2 சேமக்காலைக்கு (கல்லறைக்கு) போகும் நாள், மெழுகுதிரி ஒன்றைப் பிள்ளையின் கையால் கொளுத்த விடலாம்.

சிறுவர் வைத்தியம் | வெள்ளி பிற்பகல் 12.45

எப்போது எங்களிடம் கொண்டுவருவது என்று யாரும் எழுதவில்லை. "நானும் அண்ணாட்டப் போகப்போறன்" என்று சின்னவர் சொன்னால் பெரும்பாலும் அண்ணாவைக் காணும் ஆசைதான். ஆனாலும் "எப்பிடிப் போறது?" என்று அமைதியாகக் கேளுங்கள். வழி சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்தும் செயல் இருந்தாலோ அன்றைக்கே கூட்டி வாருங்கள். சாப்பிடாமல் மெலிவது, பாடசாலைக்கு ஒரு மாதத்துக்கு மேல் போக மறுப்பது, சாவு நடந்த காட்சி கண்முன் திரும்பத் திரும்ப வருவது ஆகியவற்றுக்குக் காத்திருக்கவேண்டாம். 2022இல் திருத்தப்பட்ட அமெரிக்க உளமருத்துவக் கையேடு நீடித்த துக்கத்தைப் பெரியவர்களில் 12 மாதத்துக்குப் பிறகும் பிள்ளைகளில் 6 மாதத்துக்குப் பிறகும் நோயாகக் கணிக்கலாம் என்கிறது. உதவி கேட்க அந்த 6 மாதம் முடியவேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை.

வழி: உங்கள் பகுதிக் குடும்பநல மாது, பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தர், அல்லது நேரே யாழ் போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவு. இலங்கையின் தேசிய உளநல உதவித் தொலைபேசி 1926.

முன்பள்ளி ரீச்சர் | வெள்ளி இரவு 8.20

அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடிக்கப் போகினம். அதில பிள்ளையளின்ரையும் ஏதும் போடலாமோ?

தரம் மூன்று சேர் | வெள்ளி இரவு 8.50

ஒரு முழுப் பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கோ. எழுதிக் குடுத்த கவிதைக்குக் கீழ அவையின்ர பேரைப் போடுற வேலை வேண்டாம். அக்கா தன்ர வசனத்தில நாலு வரி, எழுத்துப்பிழை இருந்தாலும் அப்பிடியே. சின்னவர் ஒரு படம். அச்சகத்துக்கு 20ஆம் நாளுக்குள்ளயாவது குடுத்தால்தான் அந்தியேட்டிக்கு வரும். கோடு போடாத வெள்ளைத்தாளில, கறுத்தப் பேனையால கீறட்டும். பென்சில் ஸ்கானில விழாது. பென்சிலில கீறிப்போட்டார் எண்டால் மேல நீங்கள் இழுக்காதேங்கோ, அவரையே பேனையால இழுக்கச் சொல்லுங்கோ.

முன்பள்ளி ரீச்சர் | வெள்ளி இரவு 9.05

ஏற்கெனவே ஒண்டு கீறி வைச்சிருக்கிறார் சேர். சைக்கிள். பென்சிலிலதான். திங்கள் பேனை குடுக்கிறன்.